பட்டை போட்ட சலாமா

எங்கள் கடைக்கு வந்து ஸ்பகெட்டி கேட்பவர்களை நான் அடிப்பதில்லை. இரண்டு கையிலும் தட்டு இருக்கும், அதனால்தான்.

ஸ்பகெட்டியை வீட்டிலேயே தின்னலாமே! ஃபெராரா நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் மூடுபனிக்குள் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால், வேறு ஊரில் கிடைக்காததைத் தின்ன வேண்டாமா? பரங்கிக்காயை உள்ளே வைத்து மடித்த பாஸ்தா இருக்கிறது. இனிப்பு மாவு ஓட்டுக்குள் மக்ரோனியை அடைத்துச் சுட்ட பணியாரம் இருக்கிறது. இது தித்திப்பா, உப்பா என்று விழித்துக்கொண்டே மூன்று துண்டு தின்பார்கள். கரி நெருப்பில் வாட்டிய விலாங்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே சலாமா இருக்கிறது.

"இதெல்லாம் என்னன்னே தெரியலையே" என்று இழுப்பார்கள்.

"கட்டிக்கும்போது உங்க வீட்டுக்காரரையும்தான் என்னன்னு தெரியாது. உக்காருங்க" என்பேன்.

என் வாய்க்குப் பயந்தே நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். ஆனால் தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படித்தான் கெட்டேன். என்னோடு ஒரு பெண்ணின் கல்யாணமும் கெடப் பார்த்தது.

சலாமா என்றால் பன்றியின் கழுத்துக்கறி, நாக்கு, கொஞ்சம் ஈரல் எல்லாவற்றையும் கொத்தி, சிவப்பு ஒயினும் மிளகும் ஜாதிக்காயும் சேர்த்துப் பிசைந்து, அதே பன்றியின் மூத்திரப்பைக்குள் அடைத்து, சின்னப் பூசணிக்காய் மாதிரி வரிவரியாகக் கயிறு இறுக்கிக் கட்டுவது. மூத்திரப்பை என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், கழுவித்தான் அடைக்கிறோம். ஒரு வருஷம் நிலவறையில் தொங்க வேண்டும். அப்புறம் பெரிய பானையின் வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பைப் போட்டு, அதில் கட்டி, தண்ணீருக்குள் ஆறு மணி நேரம் தொங்கவிட்டு வேகவைக்க வேண்டும். அது பானையின் அடியைத் தொடவே கூடாது. தொட்டால் தோல் ஒட்டும், ஒட்டினால் கிழியும், கிழிந்தால் ஒரு வருஷமும் ஒரு பன்றியும் போச்சு.

ஊரில் பாதிப் பேர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே நிலவறை ஏது? ஆகவே அவரவர் கட்டிய சலாமாவை எங்கள் கடை நிலவறையில் தொங்கவிட்டுப் போவார்கள், ஆளுக்கொரு நிறக் கயிறு. ஞாயிறு வந்தால், "என்னுதை இறக்கு" என்று சொல்லி உட்கார்ந்து தின்பார்கள். சலாமா கட்டத் தெரியாத ஆண்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் மரியாதை கிடையாது. வங்கியில் மேனேஜராக இருந்தாலும் சரிதான்.

நேரியோவுக்குச் சிவப்புக் கயிறு. டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறார், குரலும் டிராக்டர்தான். அவருடைய தம்பி லெயார்கோவுக்கு வெள்ளைக் கயிறு. வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி ஆள், கழுத்தில் டை இல்லாமல் சைக்கிள் ஏற மாட்டார். இரண்டு பேரும் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் அப்பாவின் கருமாதிச் சாப்பாட்டில் சண்டை வந்தது. எதற்கு? அப்பா தன் சலாமாவில் பட்டை போடுவாரா, மாட்டாரா என்பதற்கு! போடுவார் என்றார் நேரியோ. ஜாதிக்காயோடு சரி என்றார் லெயார்கோ. பாதிரியார் முன்னிலையில் நேரியோ தம்பியைப் பொய்யன் என்றார். தம்பி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனவர், போனவர்தான். அன்றிலிருந்து அண்ணன் பட்டை போட்டுக் கட்டுகிறார், தம்பி போடாமல் கட்டுகிறார். அண்ணன் சனிக்கிழமை வந்து சாப்பிடுவார், தம்பி ஞாயிற்றுக்கிழமை.

இதற்கு நடுவில் நேரியோவின் மகள் மொரேனா. தாயில்லாப் பெண். எட்டு வருஷம் அவளைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது சித்தப்பா லெயார்கோதான். இரண்டு வாரத்தில் கல்யாணம் என்று இருக்கும்போது அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "சித்தப்பா பந்தியில இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்."

லெயார்கோ ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடையில் சாப்பாடு. இரண்டு சலாமாவும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வேக வேண்டும். எது யாருடையது என்று தெரியாதபடி அடுக்களையிலேயே கறியைத் தோண்டி எடுத்து, இரண்டு கிண்ணத்தில் கொண்டுவர வேண்டும். பந்தி தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு நான் பெயரைச் சொல்ல வேண்டும். தில்லுமுல்லு ஏதாவது நடந்தால் எழுந்து போய்விடுவார், கல்யாணத்துக்கும் வர மாட்டார்.

என் வீட்டுக்காரர் எர்மெஸ் காலை ஏழு மணிக்கே இரண்டையும் கம்பில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். எர்மெஸ் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் நாலு வார்த்தை உப்பைப் பற்றி. பன்னிரண்டு மணிக்கு ரொட்டி வாங்கக் கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார்.

"ஒரியெல்லா, பானையை விட்டு நகராதே. தீயைத் தொடாதே. கயிறு நழுவுதான்னு பாரு."

"எனக்குத் தெரியாதாய்யா? முப்பது வருஷமா என்ன பண்றேன், தாலாட்டா பாடுறேன்?"

அவர் போனதும் தீயைக் கொஞ்சம் கூட்டினேன். நேரம் ஆகிறதே என்று கை துறுதுறுத்தது. அந்த நேரம் பார்த்து வெளியூர்த் தம்பதி ஒன்று உள்ளே வந்தது. விலாங்கு போதும் என்றார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், அந்த ஆள் கையைத் தூக்குகிறார்.

"கொஞ்சம் துருவின சீஸ் கிடைக்குமா, மேல தூவிக்க?"

விலாங்குக்கு மேல் சீஸ்!

அதற்கப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. மீனுக்கும் பாலுக்கும் உள்ள பகையில் ஆரம்பித்து, அந்த விலாங்கு கடல் தாண்டி வந்த பயணத்தைச் சொல்லி, "இவ்ளோ தூரம் நீந்தி வந்தது உங்க சீஸுக்கு அடியில சாகவா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அந்த அம்மாள் கண் கலங்கினாள். நான் ஜெயித்துவிட்டேன். இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால், கம்பில் ஒரே ஒரு கயிறுதான் விறைப்பாக நின்றது. சிவப்பு. வெள்ளைக் கயிறு கம்பிலிருந்து நழுவி, தண்ணீரில் துவண்டு மிதந்தது. கரண்டியை விட்டுத் துழாவினேன். அடியில் லெயார்கோவின் சலாமா ஒட்டிக்கொண்டு, தோல் வாய்பிளந்து, கறி தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. அவசரமாகச் சிவப்பை வெளியே எடுத்தேன். அது முழுசாக, கொழுகொழு என்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் பயமாக இருந்தது. அண்ணனுடையது பிழைத்து, தம்பியுடையது செத்தால், இது தற்செயல் என்று எவன் நம்புவான்?

எர்மெஸ் ரொட்டிப் பையோடு உள்ளே வந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சொல்லிடலாம்" என்றார்.

"சொன்னா அந்த மனுஷன் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. அண்ணன் காசு குடுத்து கிழிக்கச் சொன்னான்னுதான் நினைப்பாரு. மொரேனா என்ன ஆவா?"

"பின்ன?"

"ஒண்ணையே ரெண்டு கிண்ணத்துல போடுவோம்."

எர்மெஸ் பானைக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கிண்ணங்களை எடுத்துத் துடைத்தார். ஒன்று முழு வெள்ளை, இன்னொன்றுக்கு நீல விளிம்பு. இரண்டிலும் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, சிவப்புக் கயிற்றை அறுத்து, சலாமாவின் தலையில் வட்டமாக மூடியைச் சீவி, ஸ்பூனால் தோண்டித் தோண்டி இரண்டிலும் சமமாகப் போட்டார். சாறு கருஞ்சிவப்பாக ஓடியது, பட்டை வாசனை அடுக்களை முழுக்க மணத்தது. மணக்காதே சனியனே என்று அதை நான் திட்டினேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். மேஜையின் ஒரு கோடியில் நேரியோ, மறு கோடியில் லெயார்கோ, கழுத்தில் டை, பேன்ட் காலில் கழற்ற மறந்த சைக்கிள் கிளிப். நடுவில் மொரேனா, மாப்பிள்ளை திசியானோ, அவனுடைய அம்மா ஃபெர்னாண்டா. பொலோன்யா நகரத்துக்காரி. பொலோன்யாக்காரர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றித் தங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. இந்த அம்மாள் அதில் தலைமைப் பதவி.

"மொரேனா, உன் சித்தப்பாகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றார் நேரியோ.

"மொரேனா, உன் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு கூடாதுன்னு சொல்லு" என்றார் லெயார்கோ.

"அவருக்கு எப்படித் தெரியும்னு கேளு."

"ஊருக்கே தெரியும்னு சொல்லு."

மொரேனா உப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. நான் கிண்ணங்களைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ஃபெர்னாண்டா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முதலில் வெள்ளையை ருசித்தார், பிறகு தண்ணீர் குடித்துவிட்டு நீல விளிம்பை.

"அடேயப்பா! வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்!" என்றார். "வெள்ளைக் கிண்ணம், பட்டுன்னா பட்டு. நீல விளிம்பு கொஞ்சம் முரடு. கை பழகாதவங்க கட்டினது. என் நாக்கை யாரும் ஏமாத்த முடியாது."

"ஆமாம்மா, நீலம் கொஞ்சம் முரடுதான்" என்றான் திசியானோ. கல்யாணத்துக்கு முன்பே இவன் இப்படி என்றால், அப்புறம் மொரேனாவின் பாடு என்ன என்று அந்தப் பதற்றத்திலும் எனக்குத் தோன்றியது.

லெயார்கோ வெள்ளைக் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். நீலத்திலிருந்து ஒரு வாய். மெல்லுவது பாதியில் நின்றது. மறுபடி வெள்ளையில் ஒரு துளி, மறுபடி நீலத்தில் ஒரு துளி. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

தெரிந்துவிட்டது. ஏழு வருஷம் பட்டையைப் பகைத்தவருக்குப் பட்டை தெரியாமல் போகுமா? நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மாதாவே, இனிமேல் ஸ்பகெட்டி கேட்டால்கூடக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

லெயார்கோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மொரேனா அவர் கையைப் பிடித்தாள். "சித்தப்பா?" என்றாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். கழுத்து டையைச் சரிசெய்தார். நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நீல விளிம்பு என்னோடது" என்றார். "வெள்ளைதான் நல்லாருக்கு. உன் அப்பா ஜெயிச்சுட்டார்னு சொல்லு."

ஃபெர்னாண்டா அம்மாள் கை தட்டினார். மொரேனா அழுதுகொண்டே சிரித்தாள். ஏழு வருஷமாக ஒரு சிட்டிகை பட்டைக்கு இடம் கொடுக்காத மனுஷன், எல்லோர் முன்னாலும் தோற்றேன் என்று பொய் சொன்னார். எதற்காக என்று எனக்குத் தெரியும். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஆனால் நேரியோ கை தட்டவில்லை. அவரும் இரண்டு கிண்ணத்திலும் ருசி பார்த்திருந்தார். காது சிவந்திருந்தது. தான் கட்டியது அவருக்குத் தெரியாதா? எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், பிறகு மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தண்ணீர்க் குவளை குதித்தது.

"பொய் சொல்றான்!"

"உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு மொரேனா" என்றார் லெயார்கோ அவசரமாக.

"என்னடா சாப்பிடறது? ரெண்டும் என்னோடதுடா! ரெண்டுலயும் என் பட்டைதான். ஒனக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே சொல்றே! எவன்டா ஒன்ன தோக்கச் சொன்னது?"

"வாயை மூடுண்ணே! பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்காதே!"

அண்ணே என்ற அந்த வார்த்தை ஏழு வருஷத்துக்கு அப்புறம் வந்திருந்தது. நேரியோவால் அதைத் தாங்க முடியவில்லை போலும். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. திரும்பினார்.

"ஒரியெல்லா! என் தம்பி சலாமா எங்கடி?"

"ஆமா, என்னுது எங்க?" என்று லெயார்கோவும் எழுந்து அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

சொன்னேன். தீயைக் கூட்டியது, விலாங்கு, சீஸ், இருபது நிமிஷப் பிரசங்கம், எல்லாம். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொல்லச் சொல்ல யாரும் சிரிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் தொடர்ந்தார். இப்படி ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பன்றிகளுக்கெல்லாம் நான் கூடப்பிறந்தவள் ஆனேன். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். வேண்டியதுதான்.

மூச்சு வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனால், ஃபெர்னாண்டா அம்மாள் கிண்ணத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருளைக்கிழங்கு வேற வேறயா இருக்கும்" என்றார் ஈனக் குரலில்.

"அதுவும் ஒண்ணுதாம்மா" என்றேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதற்குள் நேரியோ அடுக்களைக்குள் நுழைந்துவிட்டார். பானை மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு, அடியிலிருந்து சுரண்டி, கிழிந்த தோலும் கரைந்த கறியுமாக ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பார்க்கவே சகிக்காது, நாய்கூட யோசிக்கும். லெயார்கோ கதவில் சாய்ந்து நின்றார். டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நேரியோ இன்னொரு கரண்டி எடுத்தார். ரொட்டியைப் பிய்த்துப் பானைக்குள் தோய்த்தார். கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் அடி வரை வழித்துத் தின்றார். அவர் கண்ணில் தண்ணீர். அது நீராவியால் வந்தது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள்.

"நல்லாருக்குடா" என்றார். "அப்பா கை அப்படியே இருக்கு. அவரு பட்டை போடலடா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இல்லண்ணே. போட்டாரு. உன்னுதைத் தின்னதும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு."

"போடலடா!"

"போட்டாருண்ணே! உனக்கு நாக்கு செத்துப்போச்சு!"

"யாருக்குடா செத்துப்போச்சு? அடுத்த வருஷம் பட்டை போடாம கட்டறேன் பாரு!"

"நான் போட்டுக் கட்டறேன் பாரு!"

கத்திக்கொண்டே வெளியே போனார்கள். மூடுபனிக்குள் ஆள் மறைந்த பிறகும் சத்தம் கேட்டது. நேரியோ தம்பியின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மொரேனா வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் அந்த உப்புக் குவளை இன்னும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு எர்மெஸ் பானையைக் கழுவினார். தேய்க்கவே தேவையில்லாமல் அடி பளபளத்தது.

"பாவம், ரெண்டு பேருல யார் சொல்றது சரி?" என்று கேட்டேன்.

"ரெண்டும்."

"அதெப்படி?"

எர்மெஸ் கையைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவங்க அப்பாவுக்கு சலாமா கட்டவே தெரியாது. எங்கப்பாகிட்ட வருஷா வருஷம் ரகசியமா வாங்கிட்டுப் போவாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கப்பாகிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "சரி, உங்கப்பா பட்டை போடுவாரா?"

"டப்பாவுல இருந்தா போடுவாரு."

சிரிப்பதா, அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. ஏழு வருஷம்! எழுந்து வாசலுக்கு ஓடினேன். மூடுபனிக்குள் இரண்டு குரல்களும் இன்னும் கேட்டன. "போடல!" "போட்டாரு!" கூப்பிட வாயைத் திறந்தேன். பின்னால் எர்மெஸ் வந்து நிற்பது தெரிந்தது.

சொன்னால் அந்தச் சண்டை நின்றுவிடும். அப்புறம் அவர்கள் எதைப் பேசுவார்கள்?

வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்து, மேஜையைத் துடைத்தேன்.